நான்தான் சார் ஹாஃப் ட்ராப்

ஒன்பதரைக்கு எங்கள் யூனிட்டில் டீ மணி அடிக்கும். அடித்ததும் தையல் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓயும். அதுவரை காதில் விழாத மின்விசிறிச் சத்தம் விழத் தொடங்கும். அந்தப் புதன்கிழமை நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலாளி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்பதற்காக இல்லை. காற்று நன்றாக வரும் இடம் அது ஒன்றுதான்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் நாகராஜப்பா சார், எங்கள் முதலாளி. ஆனேக்கல் பக்கத்துக்காரர். கையில் வேலை இருந்தால் தமிழ் பேசுவார், மனசில் ஏதாவது இருந்தால் கன்னடம் பேசுவார். இன்னொருத்தி தீபா. பெங்களூரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் ஓசூர் வரும் டிசைனர் பெண்.

"சார், இது ஹாஃப் ட்ராப். மொதல்லயே பாத்திருக்கணும்" என்றாள் தீபா.

"ஸ்ட்ரெயிட்டுன்னு நம்பி எடுத்துட்டோம். யாரும் கேக்கவும் இல்ல" என்றார் சார்.

"பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் தெரியுது. சுத்தமா பொருந்தல."

"சனிக்கிழம வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா. யோசிச்சு ஒரு முடிவு பண்ணலாம்."

டீ என் புடவையில் கொட்டியது. சுட்டதா என்று ஞாபகம் இல்லை. அவர்கள் பேசுவது என்னைப் பற்றித்தான். அதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

ஏனென்றால் ஹாஃப் ட்ராப் நான்தான்.

பத்து நாள் வயிற்றுவலி

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எதற்கெல்லாம் பயப்படுவேன் என்று தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: கேஸ் சிலிண்டர், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், லிஃப்ட், பக்கத்து வீட்டு நாய் குரைப்பது, பக்கத்து வீட்டு நாய் திடீரென்று குரைக்காமல் இருப்பது.

படிப்பை விட்டதும் பயத்தால்தான். பாரூர் ஏரிக் கால்வாயை ஒட்டி எங்கள் ஊர். ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சை. தமிழ் எழுதினேன், இங்கிலீஷ் எழுதினேன், கணக்குக்கூட எழுதிவிட்டேன். அடுத்த நாள் அறிவியல். காலையில் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் முன்பு பார்த்த மாதிரி இல்லை. வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். பொய்யாகத் தொடங்கிய வலி மத்தியானத்துக்குள் உண்மையாகிவிட்டது.

வலி பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு போனால் டீச்சர் என்ன கேட்பாரோ என்ற வெட்கம் ஒரு மாதம் இருந்தது. ஒரு மாதம் போகாதவள் எப்படிப் போவது என்ற வெட்கம் அந்த வருஷத்தையே தின்றுவிட்டது. பிறகு ஓசூர் கார்மெண்ட்ஸ் கம்பெனி வேன் எங்கள் ஊருக்கு ஆள் எடுக்க வந்தது. ஏறிவிட்டேன்.

அந்தக் கம்பெனியில் பெயர் எழுதிக்கொண்ட ஆபீசர் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வி கேட்டார். "டென்த் பாஸா, ட்ராப்பா?" என் முறை வந்தபோது நான் ஒழுங்காக, ஒன்பதாவது அரையாண்டில், மூன்று பரீட்சை எழுதிய பிறகு, என்று விவரமாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ நீ ஹாஃப் ட்ராப்" என்றார். வரிசையே சிரித்தது. ஹாஸ்டலில் அதுவே என் பெயராகிவிட்டது. "ஹாஃப் ட்ராப்பு, பக்கெட்ட எடுத்துக் குடுடி."

அதனால்தான் பல வருஷம் கழித்து நாகராஜப்பா சாரிடம் வேலைக்கு வந்தபோது, ஃபாரத்தில் 'படிப்பு' என்ற கட்டத்தைப் பார்த்ததும் என் கை தானாக 'பத்தாவது' என்று எழுதியது. "சாம்பிள் ரூமுக்குப் படிச்சவங்கதான் வேணும்" என்று சார் அப்போதுதான் சொல்லியிருந்தார். சர்டிஃபிகேட்டை யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக நான் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். உட்கார நாற்காலி உண்டு. என் பெயர் எழுதிய கத்தரிக்கோல் உண்டு. அதற்கு முன் எத்தனையோ வருஷம் நின்றுகொண்டே நூல் வெட்டியவள் நான். அந்த அறை போய்விட்டால் மறுபடி நூல் வெட்டும் மேஜைதான், அந்த நிற்பதுதான்.

பிரசங்கத்தில் ரிப்பீட்

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் கிளி புரியாது.

அச்சடித்த துணி எவ்வளவு பெரிய தோட்டமாக இருந்தாலும் அதற்குள் ஒரு சின்னப் பெட்டிதான் இருக்கிறது. ஒரு பூ, இரண்டு இலை, ஒரு கொடி. அந்தப் பெட்டிதான் மேலும் கீழும் பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குப் பெயர் ரிப்பீட். பெட்டி எங்கே முடிகிறது, மறுபடி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் திரைச்சீலையோ மெத்தை உறையோ நேராக வெட்டலாம். பூ பாதியில் அறுந்து நிற்காது.

இந்தப் பழக்கம் ஒரு வியாதி. கம்பெனி பஸ் சீட்டைப் பார்த்தால் பெட்டியைத் தேடுவேன். கல்யாண வீட்டில் பெண் வந்து உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்க மாட்டேன், முந்தானையில் மாங்காய் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில்கூட ரிப்பீட் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் அந்தோணியை அந்த இடத்தில்தான் முழங்கையால் இடித்து எழுப்புவேன்.

ஆனால் ஒன்று. அதுவரை எங்கள் யூனிட்டுக்கு வந்ததெல்லாம் கோடு, கட்டம், சின்னப் பூ. வரிசை மாறி ஏறி இறங்கி வரும் பூ எப்போதாவது வந்தால் 'ஏறி இறங்கி வருவது' என்றுதான் சொல்வோம். அதற்கென்று இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கட்டிலைச் சுற்றி ஒரு மரம்

தீபா கொண்டுவந்த ஆர்டர்தான் எங்களுக்கு முதல் பெரிய டிசைன். சர்ஜாபுரம் ரோட்டில் ஒரு புது வில்லா. ஹால் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்கு எட்டுத் துண்டுத் திரை. இழுத்து மூடினால் எட்டும் சேர்ந்து ஒரே தோட்டமாகத் தெரிய வேண்டும்: வளைந்த மரம், மாதுளம்பழம், பழத்தைக் கொத்தும் கிளி.

துணி வந்த அன்று தீபா போனில் எங்களுக்கு ஒரு பழைய படம் காட்டினாள். அதே மரம், அதே மாதிரி கிளி. நம் கிழக்குக் கடற்கரைப் பக்கம் கையால் சாயம் தீட்டிய துணி, கப்பலில் வெளிநாடு போய் அங்கே பெரிய வீடுகளில் தொங்கியதாம். இப்போது ஏதோ ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

"அந்த ஊர் ஆளுங்க இதக் கட்டிலச் சுத்தி மாட்டிக்குவாங்க" என்றாள் தீபா.

எங்கள் யூனிட்டின் மூத்த டெய்லர் லட்சுமக்கா. வீட்டில் தெலுங்கு, மெஷினில் தமிழ். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "என்னாத்துக்கும்மா கட்டிலச் சுத்தி? அங்கயும் கொசுவா?"

"குளிருக்கு அக்கா. அப்புறம் அந்தஸ்து. நம்ம ஆளுங்க துணித் தரைய செவப்பா வெச்சு அது மேல பூ போட்டாங்க. அவங்க, எங்களுக்கு வெள்ளத் தர வேணும்னு கேட்டு அனுப்பினாங்க. நம்ம ஆளுங்களும் மாத்திப் போட்டுக் குடுத்தாங்க."

"அப்பவே கஸ்டமர் அப்படித்தானா?" என்றாள் லட்சுமக்கா. அக்காவுக்கு அந்தப் பழைய காலத்து ஆட்கள் மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

நான் படத்தை விரலால் பெரிதாக்கி ரிப்பீட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு கிளி மாதிரி இன்னொரு கிளி இல்லை. ஒன்றுக்கு வால் நீளம், ஒன்றுக்குக் கண் சாய்வு.

"அதுல ரிப்பீட் இல்லக்கா. கையால போட்டது. மெஷின் வந்தப்புறம்தான் ஒரே கிளியத் திரும்பத் திரும்பப் போட ஆரம்பிச்சாங்க" என்றாள் தீபா.

லட்சுமக்கா எங்கள் ரோலைப் பிரித்துப் பார்த்தாள். ஒரே கிளி, ஒரே பழம், அதே கொத்து, மேலேயும் கீழேயும். "இது எப்ப அந்தப் பழத்தத் தின்னு முடிக்கப் போவுது பாவம்" என்றாள். அன்றைக்கெல்லாம் சிரித்தோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அந்தச் சிரிப்பு மிச்சமிருக்கும்போதே நான் எட்டுத் துண்டையும் வெட்டினேன். எல்லாத் துண்டிலும் தலைப்பில் அதே கிளி, அதே உயரத்தில். எவ்வளவு ஒழுங்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள்தான் அந்தப் புதன்கிழமை.

கத்தரிக்கோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்

வியாழக்கிழமை காலை அந்தோணி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். உதிரிபாகக் கம்பெனி வேலை. கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன். "என்னாங்க, என்ன வேலைய விட்டு எடுக்கப் போறாங்க."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க."

அவர் சோப்புக் கையோடு என்னைப் பார்த்தார். "போன மாசம் கரண்ட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தப்ப நம்மள ஜெயில்ல போடுவாங்கன்னு சொன்ன. அவுரு மீட்டர் பாத்துட்டுத் தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுப் போனாரு."

"இது வேறங்க. ஹாஃப் ட்ராப்னு என் காதால கேட்டேன். ஸ்ட்ரெயிட்டுன்னு நம்பி எடுத்துட்டோம்னாரு. பொருந்தலயாம்."

அந்தோணி இப்போது சிரிக்கவில்லை. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். "போயி நீயே சொல்லிடு மேரி. அவங்க கேக்கறதுக்கு முந்தி நீயா சொன்னா அது வேற."

சொல்வதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் யூனிட்டில் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சாருக்கு வணக்கம் இரண்டு முறை வைத்தேன். மேஜையை மூன்று முறை துடைத்தேன். சார் பக்கத்தில் வந்தால் இஞ்ச் டேப்பை உரக்கப் படித்தேன், எனக்கு எண் தெரியும் என்று அவருக்குத் தெரியட்டுமே என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"ஏமே மேரி, ஊரு விட்டுப் போறியா?" என்றாள் லட்சுமக்கா.

"சாண பிடிக்கணும்க்கா."

"அதத்தான் போன வாரம் பிடிச்சிட்டு வந்தியே. பிடிச்சுப் பிடிச்சுக் கடைசில பிடிதான் மிஞ்சும்."

சனிக்கிழமை

டீ மணி அடித்ததும் போனேன். டம்ளரை வெளியிலேயே வைத்துவிட்டேன். உள்ளே மேஜைமேல் நான் வெட்டிய இரண்டு துண்டுகள் விரித்துக் கிடந்தன. சாரும் தீபாவும் இரண்டு பக்கமும் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துணியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

"சார், நான்தான் சார் ஹாஃப் ட்ராப்."

சார் நிமிர்ந்தார். "ஏனம்மா?" என்றார், கன்னடத்தில் 'என்னம்மா' என்று.

தீபா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார், மேரி அக்காவே கண்டுபிடிச்சிட்டாங்க. எப்பக்கா தெரிஞ்சுது?"

"எனக்கு மொதல்ல இருந்தே தெரியும்மா. மூணு வருசமா மறச்சு வெச்சிருந்தேன்."

"மூணு வருஷமாவா?" தீபா துணியைப் பார்த்தாள். "இது திங்கக்கிழமதானக்கா வந்துச்சு."

"திங்கக்கிழம இல்லம்மா. அது ஒரு புதன்கிழமை. அறிவியல் பரீட்ச."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மேரியம்மா, யார் பரீட்ச எழுதினது? கிளியா?"

"நான்தான் சார் எழுதல. வயித்து வலின்னு பொய் சொல்லிட்டேன். தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணும் எழுதினேன் சார். ஃபாரத்துல பத்தாவதுன்னு போட்டது தப்புதான். ஸ்ட்ரெயிட்டுன்னு நம்பி எடுத்தீங்க. பொருந்தலன்னா நூல் வெட்டற மேஜைக்கே போயிடறேன். வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க."

தீபாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றிருந்தாள், தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மேஜையிலிருந்த பழுப்புக் காகிதத்தை எடுத்துக் கட்டம் போட்டாள்.

"இங்க பாருங்கக்கா. மொத வரிசையில கிளி இங்க. அடுத்த வரிசையில அதே கிளி, பாதிப் பெட்டி கீழ எறங்கி இங்க. அதுக்கு அடுத்ததுல மறுபடி மேல. இந்த மாதிரி பாதி எறங்கினா அதுக்குப் பேருதான் ஹாஃப் ட்ராப். இல்லன்னா அது ஸ்ட்ரெயிட், கிளிங்க எல்லாம் ஸ்கூல் ப்ரேயர்ல நிக்கற மாதிரி வரிசையா நிக்கும். எறங்குனாதான் தோட்டம் மாதிரி இருக்கும்."

எனக்குக் காது சூடானது. பேசியது கிளியைப் பற்றி. மூன்று நாள் நான் கிளிக்காகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். சிரிப்பு வயிற்றில் தொடங்கியது, அந்தப் பழைய வலி இருந்த அதே இடத்தில். வாயை மூடினால் மூக்கால் வந்தது.

ஆனால் சார் சிரிக்கவில்லை.

"அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா ஒங்கள சாம்பிள் ரூமுக்கு எடுத்திருக்க மாட்டேன்" என்றார். என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அதப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல இத நோடு" என்று துணியைக் காட்டினார்.

பன்னிரண்டு அங்குலம்

அப்போதுதான் துணியைப் பார்த்தேன். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால், இந்தத் துண்டின் ஓரத்தில் கிளியின் வால் முடிய, அந்தத் துண்டில் கிளியின் உடம்பு இல்லை, ஒரு கிளைதான் இருந்தது. அந்தக் கிளியின் உடம்பு அரைப் பெட்டி தள்ளி, வாலில்லாமல் நின்றது. எட்டுத் துண்டையும் ஒரே இடத்தில் தொடங்கி வெட்டியிருந்தேன். என் ஒழுங்குதான் தப்பு.

"பெட்டி இருவத்திநாலு அங்குலம்" என்றாள் தீபா. "ஒண்ணு விட்டு ஒண்ணு பன்னெண்டு அங்குலம் எறக்கி வெட்டியிருக்கணும். இன்னொரு ரோல் அச்சடிக்க நேரமில்ல. செவ்வாக்கிழம மாட்டணும். இருக்கற துண்ட எறக்குனா நீளம் பத்தாது."

நான் துண்டின் அடி ஓரத்தைப் பிடித்தேன். "சார், இன்னொண்ணு சொல்லணும்."

"இன்னுமா?" என்றார் சார்.

"பேப்பர்ல போட்ட நீளத்துக்கு நான் வெட்டல. கூட வெட்டிட்டேன்."

"எவ்வளவு?"

"பதினாலு அங்குலம். எட்டுலயும்."

சார் துணியை வீணாக்குகிறேன் என்று என்னைத் திட்டாத மாதம் இல்லை. நான் அவசர அவசரமாகச் சொன்னேன். "அந்த வீட்டுல இன்னும் தரைக் கல்லு போடலன்னாங்க சார். அளவு போன்ல சொன்னாங்க. சொன்னவரு பக்கத்துல யாரோ ட்ரில்லிங் போட்டுக்கினு இருந்தாங்க. அவுரு எட்டடின்னு சொன்னாரா ஏழடின்னு சொன்னாரான்னு எனக்கு பயமாயிருச்சு. அதான் கொஞ்சம் கூட."

தீபா பேனாவை எடுத்தாள். காகிதத்தில் கோடு போட்டாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் சொல்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. ஒரு துண்டில் தலைப்பில் பன்னிரண்டு எடு. அடுத்த துண்டில் அடியில் பன்னிரண்டு எடு. தலை, அடி, தலை, அடி. எட்டும் ஒரே நீளம், ஆனால் ஒன்று விட்டு ஒன்று அரைப் பெட்டி தள்ளி. பேப்பர் அளவுக்குமேல் இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம்.

கத்தரிக்கோலை எடுக்கக் கை போனது. அது என் பைக்குள், பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. வெளியே ஓடி எடுத்து வந்தேன். முதல் துண்டில் தலைப்பை எடுத்தேன், இரண்டாவதில் அடியை.

வெட்டிய துண்டுகளை நானும் லட்சுமக்காவும் கம்பியில் மாட்டி ஓரத்தோடு ஓரம் இழுத்தோம். இந்தத் துண்டின் வால் அந்தத் துண்டின் உடம்பில் போய் ஒட்டியது. கிளைக்குக் கிளை சேர்ந்தது. எங்கே ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே என்றால், ஃபாதர் பிரசங்கத்தில் கண்டுபிடிக்கிற எனக்கு. லட்சுமக்கா என் முதுகில் ஒன்று போட்டாள். தீபா வீடியோ எடுத்தாள். அந்த வீடியோவில் நான் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டே இரண்டு முறை விக்குகிறேன். இன்றுவரை அழிக்கச் சொல்லிக் கேட்கிறேன், அழிக்க மாட்டேன் என்கிறாள்.

'படிப்பு' என்ற கட்டம்

மத்தியானம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜையில் என் பழைய ஃபாரம். மூன்று வருஷத்துக்கு முந்தைய என் கையெழுத்து, 'பத்தாவது' என்பதில் 'ப' மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"பொய் இருக்கற ஃபைல வெச்சிக்கினு நானும் நிம்மதியா இருக்க முடியாது, நீங்களும் இருக்க முடியாது. அடிச்சிட்டுச் சரியா எழுதுங்க."

"அப்புறம் சார்? மேஜை?"

"எந்த மேஜை? செவ்வாக்கிழம சர்ஜாபுரத்துல திரை மாட்ட யாரு போறது, கிளியா?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் பேனாவை வாங்கி 'பத்தாவது' என்பதை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில், இந்தத் தடவை ஒரு பரீட்சையையும் விட்டுவிடக் கூடாது என்று, சரியாகக் கணக்குப் போட்டு எண்ணில் எழுதினேன்: 9½.

சார் எடுத்துப் பார்த்தார். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஒம்பத்தூவரையா? படிப்பு எழுதச் சொன்னா டீ டைம் எழுதறீங்களே மேரியம்மா" என்றார். இப்போது அவர் சிரித்த சிரிப்பில் வெளியே மெஷின்கள் நின்றுவிட்டன. லட்சுமக்காவுக்கு விஷயம் தெரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து என் பெயர் ஒம்பத்தூவரை, கன்னடத்தில் ஒன்பதரை. ஒன்பதரைக்கு மணி அடித்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் நானாக இல்லாமல் இருந்திருந்தால்.

சாயங்காலம் அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "எட்டாவது முழுசா முடிச்ச. ஒம்பதாவதுல பாதி. அப்போ எட்டரதான மேரி?"

எனக்குத் திக்கென்றது. உண்மைதான். திருத்திய ஃபாரத்திலும் பொய் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு, டம்ளரை வெளியில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். "சார், இன்னொண்ணு சொல்லணும்" என்று தொடங்கி, எட்டு எப்படி, அரை எப்படி என்று முழுவதும் சொன்னேன்.

நாகராஜப்பா சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஒங்களுக்காக டீய எட்டரைக்கு மாத்த முடியாதம்மா. ஒம்பத்தூவரையே இருக்கட்டும்."